லட்சக்கணக்கான கோப்புகளை டெர்மினலில் நகலெடுப்பதும் நகர்த்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு பெரிய வீடியோவை நகலெடுப்பது ஒரு வேலை. அதே அளவு தரவு பத்து லட்சம் சின்னக் கோப்புகளாகச் சிதறிக் கிடந்தால் அது முற்றிலும் வேறு வேலை. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. பெரும்பாலும் லினக்ஸ்தான், மேக், விண்டோஸ் பற்றித் தேவையான இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருப்பதால், கூடுமானவரை நீளமான ஆப்ஷன் பெயர்களையே தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

நட்சத்திரக் குறி போட்டு சிபி (நகலெடுக்கும் கட்டளை) கொடுத்தால் "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்று வருகிறது. சிபி-யால் இவ்வளவு கோப்புகளைத் தாங்க முடியாதா?

சிபி மேல் தப்பில்லை. அது இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. நட்சத்திரக் குறியை விரித்து எல்லாக் கோப்புப் பெயர்களையும் வரிசையாக எழுதுவது ஷெல்லின் (நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல்) வேலை. அந்த நீளமான பட்டியலோடு புது நிரலைத் தொடங்கச் சொல்லி ஷெல் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்கும்போது, கர்னல்தான் "இவ்வளவு முடியாது" என்று திருப்பி அனுப்புகிறது.

லினக்ஸில் இந்த வரம்பு ஸ்டாக் (நிரல் ஓடும்போது அதற்கு ஒதுக்கப்படும் ஒரு நினைவகப் பகுதி) அளவில் கால் பங்கு. ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி, ஆகவே வரம்பு 2 எம்பி. கெட்கான்ஃப் ஆர்க்_மேக்ஸ் என்று கேட்டால் பெரும்பாலான கணினிகளில் 2097152 என்று பதில் வரும். 2.6.23-க்கு முந்தைய கர்னல்களில் இது வெறும் 128 கேபி. சூழல் மாறிகளும் (ஷெல் நிரலுக்குக் கூடவே அனுப்பும் அமைப்பு மதிப்புகள்) இதே இடத்தில்தான் பங்கு கேட்கும். கோப்புப் பெயர்கள் சராசரியாக 40 பைட் என்றால் நாற்பது, ஐம்பதாயிரம் கோப்புகளில் சுவரில் முட்டுவீர்கள். பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னும் சீக்கிரம்: யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ("கு" என்பதே இரண்டு குறியீடு, 6 பைட்.)

எக்கோ, ப்ரின்ட்எஃப் இரண்டும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. புது நிரல் தொடங்கத் தேவையில்லாததால் இந்த வரம்பு அவற்றைத் தொடாது. ஃபார் லூப்பும் அப்படியே. ஆனால் லூப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிபி என்று எழுதினால் பத்து லட்சம் தடவை புது நிரல் தொடங்க வேண்டியிருக்கும். வேலை முடியும், பொறுமைதான் முடிந்துபோகும்.

சரி, அப்புறம் எப்படித்தான் நகலெடுப்பது?

முழு டைரக்டரியும் வேண்டும் என்றால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு டைரக்டரி பெயரையே கொடுங்கள்: சிபி --ஆர்க்கைவ் பழையது புதியது. முடிந்தது. பலருடைய பிரச்சினை இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

குறிப்பிட்ட சில கோப்புகள் மட்டும் வேண்டும் என்றால் ஃபைண்ட் (கோப்புகளைத் தேடும் கட்டளை):

ஃபைண்ட் . -டைப் எஃப் -நேம் '*.ஜேபிஜி' -எக்ஸெக் சிபி --டார்கெட்-டைரக்டரி=/தரவு/புதியது {} +

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். நட்சத்திரம் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷெல் முந்திக்கொண்டு விரித்துவிடும். கடைசியில் கூட்டல் குறி இருந்தால், வரம்புக்குள் அடங்கும் அளவுக்குப் பெயர்களைச் சேர்த்துச் சேர்த்து ஃபைண்ட் கட்டாக அனுப்பும். அரைப்புள்ளி போட்டால் கோப்புக்கு ஒரு சிபி. கூட்டல் குறிக்கு ஒட்டி முன்னால் அந்த வளைவு அடைப்புக்குறிதான் வரவேண்டும் என்பது ஃபைண்டின் விதி. அதனால்தான் இலக்கை வரியின் கடைசியில் எழுத முடியாமல் --டார்கெட்-டைரக்டரி போட்டு முன்னாலேயே சொல்கிறோம். மேக்கில் உள்ள சிபி-யில் இந்த ஆப்ஷன் கிடையாது. அங்கே நேராக ஆர்சிங்குக்கு (மாறியவற்றை மட்டும் நகலெடுக்கும் கருவி, கீழே வருகிறது) போய்விடுவது நல்லது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஃபைண்ட் உள்டைரக்டரிகளுக்குள்ளும் நுழைந்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டுகிறது. ஜனவரி டைரக்டரியில் ஒரு 001.ஜேபிஜி, பிப்ரவரியில் ஒரு 001.ஜேபிஜி இருந்தால்? இரண்டும் ஒரே கட்டில் வந்தால் ஜிஎன்யு சிபி "இப்போதுதான் உருவாக்கினேன், அதன்மேல் எழுதமாட்டேன்" என்று நின்று சொல்லும். வேறு வேறு கட்டில் வந்தால் இரண்டாவது சிபி-க்கு முதலாவது செய்தது தெரியாது, சத்தமில்லாமல் மேலெழுதிவிடும். அதாவது சின்ன சோதனையில் எச்சரிக்கை வரும், பெரிய ஓட்டத்தில் கோப்பு காணாமல் போகும். உள்டைரக்டரி அமைப்பு அப்படியே வேண்டும் என்றால் --பேரண்ட்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் குறைந்தபட்சம் --பேக்கப்=நம்பர்டு.

எக்ஸ்ஆர்க்ஸ் பயன்படுத்தலாமா?

தாராளமாக. வரும் பெயர்களைக் கட்டுக் கட்டாக இன்னொரு கட்டளைக்குக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் பெயர்களைப் பிரிக்க நல் பைட் (மதிப்பு பூஜ்யமான பைட்) இல்லாமல் வேண்டாம்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -ப்ரின்ட்0 | எக்ஸ்ஆர்க்ஸ் --நல் சிபி --டார்கெட்-டைரக்டரி=/தரவு/புதியது

கோப்புப் பெயரில் சாய்கோடும் நல் பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் இருக்கலாம். இடைவெளி, மேற்கோள் குறி, புதுவரி எல்லாமே செல்லும். சும்மா விட்டால் எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளியில் வெட்டும். "மார்ச் அறிக்கை" என்ற ஒரு கோப்பு "மார்ச்", "அறிக்கை" என்று இரண்டாகிவிடும். சிபி என்றால் பிழைச் செய்தியோடு போகும். ஆர்எம் (அழிக்கும் கட்டளை) என்றால், "மார்ச்" என்ற பெயரில் உண்மையிலேயே ஒரு கோப்பு இருந்துவிட்டால், அது போயே போச்சு.

எம்வி (நகர்த்தும் கட்டளை) சில நேரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது, சில நேரம் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஏன்?

ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) எம்வி என்பது பெயர் மாற்றம் மட்டுமே. தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். டைரக்டரிப் பதிவு மட்டும் மாறும். ஃபைல் சிஸ்டம் மாறினால் கர்னல் பெயர் மாற்றத்தை மறுத்துவிடும். உடனே எம்வி வேறு வழியில்லாமல் முழுவதையும் நகலெடுத்து, பிறகு பழையதை அழிக்கும். இரண்டு பாதைகளுக்கும் டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள், ஒரே ஃபைல் சிஸ்டமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் சப்வால்யூம்களுக்கு (உட்பிரிவுகள்) இடையிலும், பைண்ட் மவுன்ட்களுக்கு (ஒரே டைரக்டரியை இன்னொரு பாதையிலும் காட்டுவது) இடையிலும், அடியில் ஒரே டிஸ்க் என்றாலும், பெயர் மாற்றம் நடக்காது.

ஆகவே ஒரே ஃபைல் சிஸ்டம் என்றால் கோப்புகளை நகர்த்தாதீர்கள், டைரக்டரியை நகர்த்துங்கள். உள்ளே பத்து லட்சம் கோப்பு இருந்தாலும் அது ஒரே ஒரு பெயர் மாற்றம். நட்சத்திரம் போட்டு நகர்த்தினால் பத்து லட்சம் பெயர் மாற்றம். போதாக்குறைக்குப் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் நட்சத்திரத்தில் சிக்காமல் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.

வேறு டிஸ்குக்குப் போவதாக இருந்தால் எம்வி-யை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாதியில் மின்சாரம் போனால் எது வந்தது, எது வரவில்லை, எது அழிந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். நகலெடுங்கள், சரிபாருங்கள், பிறகு அழியுங்கள். மூன்றும் தனித்தனிக் கட்டளையாக இருக்கட்டும்.

சின்னக் கோப்புகள் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன? டிஸ்க் வேகமானதுதானே?

டிஸ்க் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தொடர்ச்சியான தரவுக்கு. சின்னக் கோப்பில் தரவு கொஞ்சம், சடங்கு அதிகம். மூலக் கோப்பின் விவரத்தைப் படி, திற, இலக்கில் ஐநோடு (கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) ஒதுக்கு, டைரக்டரியில் பெயரை எழுது, தரவை எழுது, அனுமதியையும் நேரத்தையும் அமை, மூடு. கோப்பு 200 பைட் என்றாலும் 200 எம்பி என்றாலும் இந்தச் சடங்கு ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தலை போய்ச் சேரச் சுமார் 10 மில்லிநொடி. கோப்புக்கு ஒரே ஒரு தாவல் என்று வைத்தாலும் பத்து லட்சம் கோப்புக்கு 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். இதில் தரவைப் படிக்கும் நேரம் சேரவில்லை. நெட்வொர்க்கில் இன்னும் மோசம்: போய்வர 20 மில்லிநொடி ஆகும் இணைப்பில் கோப்புக்கு மூன்று முறை கேள்வி, பதில் என்று நடந்தால் 60,000 நொடி, பதினாறரை மணி நேரத்துக்கு மேல். இணைய வேகத்தைக் கூட்டினாலும் இந்த நேரம் குறையாது. காத்திருப்பது தரவுக்காக அல்ல, பதிலுக்காக.

அப்படியானால் நெட்வொர்க்கில் அனுப்ப எது வேகம்?

முதல் தடவை அனுப்புகிறீர்கள், இலக்கு காலியாக இருக்கிறது என்றால் டார் (பல கோப்புகளை ஒன்றாக்கும் கருவி) குழாய். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஓடையாக்கி அனுப்புவதால் கோப்புக்கு ஒரு கேள்வி-பதில் என்ற பேச்சே இல்லை:

டார் --கிரியேட் --ஃபைல்=- . | எஸ்எஸ்எச் சர்வர் "டார் --எக்ஸ்ட்ராக்ட் --ஃபைல்=- --டைரக்டரி=/தரவு/புதியது"

லாக் கோப்புகள், உரைக் கோப்புகள் என்றால் நடுவில் இசட்எஸ்டிடி போட்டு அமுக்கலாம். ஜேபிஜி, எம்பி4 எல்லாம் ஏற்கெனவே அமுக்கப்பட்டவை. சிபியு சூடாவதுதான் மிச்சம்.

டாரின் குறை, நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடரத் தெரியாது. கவலை வேண்டாம். இணைப்பு அறுந்தால் மிச்சத்துக்கு ஆர்சிங்கை ஓட்டுங்கள். டார் கோப்பு நேரத்தைப் பாதுகாப்பதால், முழுதாக வந்து சேர்ந்தவற்றை ஆர்சிங்க் அடையாளம் கண்டு தாண்டிவிடும். அறுந்த நேரத்தில் பாதியாக நின்ற கோப்பை மறுபடி எடுக்கும்.

ஆர்சிங்க் என்றால் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் சாய்கோடு. மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் "இதன் உள்ளே இருப்பவை" என்று பொருள். இல்லாவிட்டால் "இந்த டைரக்டரியே". ஆர்சிங்க் --ஆர்க்கைவ் பழையது/ புதியது/ என்றால் உள்ளடக்கம் நேராகப் புதியதில் இறங்கும். முதல் சாய்கோட்டை விட்டால் புதியது/பழையது என்று ஒரு அடுக்கு கூடும். சும்மா நகலெடுக்கும்போது இது எரிச்சல் மட்டும்தான். --டிலீட் சேர்த்திருக்கும்போது இதற்கு நேர்மாறான தவறு, அதாவது வேண்டாத இடத்தில் சாய்கோடு போடுவது, இலக்கில் இருப்பதையெல்லாம் "மூலத்தில் இல்லாதது" என்று அழித்துவிடும். ஆகவே --டிலீட் போடும் ஒவ்வொரு முறையும் முதலில் --ட்ரை-ரன் --ஐட்டமைஸ்-சேஞ்சஸ் கொடுத்து என்ன செய்யப்போகிறது என்று படித்துப் பாருங்கள். விதிவிலக்கு வேண்டாம்.

இரண்டாவது, --ஆர்க்கைவ் என்ற பெயரைப் பார்த்து எல்லாம் அதில் அடக்கம் என்று நினைப்பது. ஹார்டு லிங்குகளும் (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்), ஏசிஎல் அனுமதிகளும் (பயனர் வாரியாகத் தரும் கூடுதல் அனுமதிகள்), எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட்களும் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்புகள்) அதில் சேராது. --ஹார்ட்-லிங்க்ஸ் --ஏசிஎல்ஸ் --எக்ஸ்ஆட்டர்ஸ் என்று தனியே கேட்க வேண்டும். ஹார்டு லிங்குகளால் இடம் மிச்சம் பிடிக்கும் பேக்கப் டைரக்டரி ஒன்றை, கேட்காமல் நகலெடுத்தால் ஒரே கோப்பு பல தனிக் கோப்புகளாகி இலக்கு டிஸ்க் நிரம்பிவிடும்.

கோப்பு மாறியிருக்கிறதா என்பதை ஆர்சிங்க் வழக்கமாக அளவையும் மாற்றிய நேரத்தையும் வைத்தே முடிவு செய்கிறது. உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. முன்னேற்றம் தெரிய --இன்ஃபோ=ப்ரோக்ரெஸ்2 போடலாம் (3.1.0 முதல் உண்டு). சதவீதம் முன்னும் பின்னும் குதித்தால் பயப்படாதீர்கள். ஆர்சிங்க் பட்டியல் எடுத்துக்கொண்டே நகலெடுப்பதால் மொத்தம் எவ்வளவு என்று அதற்கே இன்னும் தெரியாது. நிலையான சதவீதம்தான் வேண்டும் என்றால் --நோ-இன்க்-ரிகர்சிவ். ஆனால் முழுப் பட்டியலும் தயாராகும் வரை ஒரு பைட்கூட நகராது, நினைவகமும் அதிகம் எடுக்கும்.

ஆர்சிங்கை வைத்தே நகர்த்தலாமா?

--ரிமூவ்-சோர்ஸ்-ஃபைல்ஸ் இருக்கிறது. கோப்பை அனுப்பியதும் மூலத்தில் அழிக்கும், காலி டைரக்டரிகளை விட்டுவைக்கும். மூலத்தில் இடம் நெருக்கடி என்றால் பயன்படும். மற்றபடி ஒப்பிட்டுப் பார்க்க மூலமே இல்லாமல் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

டிஸ்கில் பாதி இடம் காலி. ஆனாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்கிறதே?

ஐநோடு தீர்ந்திருக்கும். டிஎஃப் --ஐநோட்ஸ் கொடுத்துப் பாருங்கள், 100% என்று காட்டும். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று. ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 6.7 கோடி. சராசரி கோப்பு அளவு 16 கேபி-க்குக் கீழே போனால், இடம் தீரும் முன் ஐநோடு தீர வாய்ப்புண்டு. பிறகு கூட்ட முடியாது, மறுபடி ஃபார்மேட்தான். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் தேவைக்கேற்ப ஐநோடு ஒதுக்கிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கோப்பு எவ்வளவு சின்னதானாலும் பொதுவாக 4,096 பைட் பிளாக் ஒன்றை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். 200 பைட் கோப்பு பத்து லட்சம் என்றால் தரவு 200 எம்பி, டிஸ்கில் பிடிக்கும் இடம் 4 ஜிபி. டியு (கோப்புகள் பிடிக்கும் இடத்தைக் காட்டும் கட்டளை) ஒரு எண்ணும், டியு --அப்பேரன்ட்-சைஸ் வேறு எண்ணும் சொல்வது இதனால்தான். மூலத்திலும் இலக்கிலும் டியு வித்தியாசமாக இருப்பதை வைத்து நகல் தவறு என்று முடிவு கட்டாதீர்கள்.

பின்னே எதை வைத்துச் சரிபார்ப்பது?

முதலில் எண்ணிக்கை: இரண்டு பக்கமும் ஃபைண்ட் . -டைப் எஃப் | டபிள்யூசி --லைன்ஸ். எண்ணிக்கையே பொருந்தாவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து உள்ளடக்கம். ஆர்சிங்க் --ஆர்க்கைவ் --செக்சம் --ட்ரை-ரன் --ஐட்டமைஸ்-சேஞ்சஸ் ஓட்டினால் இரண்டு பக்கமும் முழுதாகப் படித்து, வேறுபடும் கோப்புகளை மட்டும் காட்டும். ஒன்றும் வராவிட்டால் நல்லது. பேக்கப், காப்பகம் போன்றவற்றுக்கு மூலத்தில் எஸ்எச்ஏ256சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பட்டியல் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் மேல். மூலம் போன பிறகும் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கலாம்.

நகலெடுத்த கையோடு சரிபார்த்தால், நீங்கள் படிப்பது டிஸ்கில் எழுதியதை அல்ல, நினைவகத்தில் இன்னும் தங்கியிருக்கும் நகலை என்று ஆகலாம். வெளி டிஸ்க் என்றால் அன்மவுன்ட் செய்து (கணினியிலிருந்து முறையாகப் பிரித்து), கழற்றி மாட்டி, பிறகு சரிபாருங்கள். அன்மவுன்ட் சில நிமிடம் இழுத்தால், சிபி "முடிந்தது" என்று சொன்ன தரவு அப்போதுதான் டிஸ்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிடுங்கிவிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் பல நகல் ஓட்டினால் வேகமாகுமா?

எஸ்எஸ்டி-யிலும் தாமதம் அதிகமுள்ள நெட்வொர்க்கிலும் ஆகும்; எக்ஸ்ஆர்க்ஸ் --மேக்ஸ்-ப்ராக்ஸ்=8 போதும், அல்லது உள்டைரக்டரிக்கு ஒரு ஆர்சிங்க். சுழலும் டிஸ்கில் தலை இங்கும் அங்கும் அலைந்து மொத்த வேகமும் குறையும்.

ஒரே டிஸ்கிலேயே இன்னொரு நகல் வேண்டும். இடமும் நேரமும் வீணாகாமல் செய்ய வழி உண்டா?

பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் ரீஃப்ளிங்க் உண்டு: சிபி --ஆர்க்கைவ் --ரீஃப்ளிங்க்=ஆல்வேஸ். தரவு பகிரப்படும், ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. ஜிஎன்யு கோர்யூட்டில்ஸ் 9.0 முதல் சிபி இதைத் தானாகவே முயன்று பார்க்கிறது. இஎக்ஸ்டி4 என்றால் சிபி --ஆர்க்கைவ் --லிங்க் மூலம் ஹார்டு லிங்க் நகல் எடுக்கலாம். ஆனால் அங்கே இரண்டு பெயருக்கும் கோப்பு ஒன்றே. ஒரு பக்கம் உள்ளேயே திருத்தினால் மறுபக்கமும் மாறும். அதைப் பேக்கப் என்று நம்பக்கூடாது.

எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் டெர்மினல் உறைந்துவிடுகிறது.

எல்எஸ் எல்லாப் பெயரையும் படித்து முடித்து, வரிசைப்படுத்திய பிறகே காட்டும். வண்ணம் போடுவதற்காக ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் தனியே வேறு கேட்கும். எல்எஸ் --சார்ட்=நன் --கலர்=நெவர் கொடுங்கள்.

இரவு முழுக்க ஓட வேண்டும். நடுவில் எஸ்எஸ்எச் (சர்வருடனான பாதுகாப்பான டெர்மினல் தொடர்பு) இணைப்பு அறுந்தால்?

டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் என்ற கருவிக்குள் தொடங்குங்கள். இணைப்பு போனாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும்.

பென்டிரைவுக்கு நகலெடுத்தால் ஏதேதோ பிழை வருகிறது, ஆர்சிங்க் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கிறது.

ஃபேட்32 ஆக இருக்கும். அதில் 4 ஜிபி-க்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது என்பதால் இரண்டு கோப்புகள் ஒன்றாகிவிடலாம். லினக்ஸ் அனுமதிகளும் நிற்காது. கோப்பு நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஆர்சிங்க் எல்லாம் மாறிவிட்டதாக நினைப்பது அதனால். --மாடிஃபை-விண்டோ=1 சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாக்கி எக்ஸ்ஃபேட் டிரைவில் வைத்தால் இந்தத் தலைவலி மொத்தமும் போகும்.

விண்டோஸில்?

ரோபோகாப்பி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடே வருகிறது, 260 எழுத்துக்கு மேல் நீளும் பாதைகளையும் சமாளிக்கும்.

ரோபோகாப்பி டி:\பழையது இ:\புதியது /இ /எம்டி:16 /ஆர்:2 /டபிள்யூ:5

கடைசி இரண்டையும் விடாதீர்கள். திறக்க முடியாத கோப்பு ஒன்று சிக்கினால் ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 நொடி காத்திருந்து முயலும். அந்த ஒரே கோப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம்! ஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு: எக்ஸிட் கோடு 1 என்றால் பிழை அல்ல, கோப்புகள் நகலாகின என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல்தான் தோல்வி. /எம்ஐஆர் இலக்கில் கூடுதலாக இருப்பதை அழிக்கும். முதலில் /எல் போட்டு ஒத்திகை பாருங்கள்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று. பழையதை எப்படி அழிப்பது?

முழு டைரக்டரி என்றால் ஆர்எம் --ரிகர்சிவ். சிலவற்றை மட்டும் என்றால் ஃபைண்ட் . -டைப் எஃப் -நேம் '*.டிஎம்பி' -டிலீட். -டிலீட் எப்போதும் கடைசியில்தான் வரவேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகச் செயல்படும்; -டிலீட்டை முன்னால் போட்டால் பெயரைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். அது இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பிறகு சேர்ப்பது என் வழக்கம்.

அழித்த பிறகும் அந்த டைரக்டரியில் எல்எஸ் மந்தமாகவே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இஎக்ஸ்டி4-இல் லட்சக்கணக்கான பெயர்களுக்காகப் பெருத்த டைரக்டரி, பெயர்கள் போன பின்பும் பொதுவாகச் சுருங்குவதில்லை. புதிதாக ஒரு டைரக்டரி உருவாக்கி, மிச்சமுள்ள சில கோப்புகளை அதற்கு மாற்றி, பழையதை நீக்கிவிட்டுப் புதியதற்குப் பழைய பெயரை வைத்துவிடுங்கள்.